பெரிய டேட்டாப் பொதி வாங்க முதல் ரவுட்டரைப் பாருங்கள்

பின்னேர ரியூசன் தொடங்கியதும் சூம் வகுப்பு அறுந்து அறுந்து வருகிறதா? மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ யாரிடம் கேட்டாலும் "பெரிய பொதி போடுங்கோ" என்பார்கள். இல்லாவிட்டால் "யூடியூப்பை மறியுங்கோ". இரண்டுக்கும் முதல், எந்த போன் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபைபர் வராத இடம், 4ஜி சிம், மைக்ரோடிக் ரவுட்டர், இருபது போன் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் வேலை, ஃபயர்வோலில் இருக்கும் ஃபாஸ்ட்ட்ராக் விதியை, அதாவது இணைப்புகளைக் குறுக்குவழியில் விடும் விதியை, முடக்குவது. வாங்கும்போதே போட்டு வரும் அமைப்பில் அது இருக்கும். அதன் வழியே போகும் பக்கெற்றுகள் (தரவுத் துண்டுகள்) வேகத்துக்கு எல்லை போடும் சிம்பிள் கியூவைத் தொடாது. கியூ போட்டும் வேகம் குறையவில்லை, கணக்கும் ஏறவில்லை என்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் சிக்கல். முடக்கியபின் ஒருக்கா ரீபூட் செய்யுங்கள். இல்லாவிட்டால் பழைய இணைப்புகள் அதே குறுக்குவழியில் ஓடிக்கொண்டிருக்கும். 4ஜி வேகத்துக்கு ரவுட்டரின் சிபியூ தாராளமாகத் தாங்கும்.

பிறகு லான் (வீட்டு உள்வலை) பக்கம் டோர்ச்சை, அதாவது யார் எவ்வளவு இழுக்கிறார் என்று அப்போதே காட்டும் ரவுட்டரின் கருவியை, திறந்து பாருங்கள். அடிக்கடி அகப்படுவது யூடியூப் அல்ல, படங்களைக் கிளவுட்டுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் ஒரு போன். அப்லோட் நிரம்பினால், டவுன்லோடுக்காகத் திரும்பிப் போக வேண்டிய "பெற்றுக்கொண்டேன்" என்ற பதில்களும் அந்த வரிசையிலேயே காத்து நிற்கும். அப்போது டவுன்லோட் வேகம் இருந்தும் எல்லாருக்கும் நெட் படுத்துவிடும்.

அதனால் நெரிசல் டவர் பக்கம் உண்டாகாமல் உங்கள் ரவுட்டரிலேயே உண்டாக வேண்டும். மாலை ஏழு மணிபோல, நெட் மோசமாக இருக்கும் நேரத்தில் வேகத்தை அளந்து, அதில் 85 வீதத்தை எல்லையாக வையுங்கள். 12 எம்பிபிஎஸ் கீழும் 3 மேலும் வந்தால் 10, 2.5 போதும். சிம்பிள் கியூவில் டார்கெட் 192.168.88.0/24 (மைக்ரோடிக்கின் வழமையான லான் முகவரிகள்), கியூ வகை பிசிகியூ அப்லோட், பிசிகியூ டவுன்லோட். பிசிகியூ வேகத்தை ஆட்களுக்குச் சமமாகப் பங்கிடும். இருபது போனும் ஒரே நேரம் இழுத்தால் ஆளுக்கு அரை எம்பிபிஎஸ். பத்துப் பேர் சும்மா இருந்தால் அந்தப் பங்கு மற்றவர்களுக்குப் போகும். மக்ஸ் லிமிட்டை (அந்த எல்லையை) கட்டளையில் எழுதும்போது அப்லோட்தான் முன்னுக்கு வரும். மாறி எழுதினால் டவுன்லோட் 2.5இல் நின்றுவிடும்.

ஆள்வாரியாகக் கணக்கு வேண்டுமென்றால் மக் முகவரியை (போனின் வலை அடையாள எண்ணை) நம்பாதீர்கள், இப்போதைய போன்கள் அதை மாற்றிக்கொள்கின்றன. ரவுட்டரின் ஹொட்ஸ்பொட் உள்நுழைவில் ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுத்து, ரேடியஸ் கணக்கை (பயனர் பாவனையைப் பதியும் சேவர் முறை) யூடிபி 1813க்கு அனுப்புவதே சரி. இடைக்கால அறிக்கையை 5 நிமிடத்துக்கு வையுங்கள். கரண்ட் நின்றால் கடைசி அறிக்கைக்குப் பிறகு ஓடியது கணக்கில் வராது, நம் பக்கம் அது பெரிய விசயம். அதோடு கரண்ட் வந்தபின் ரவுட்டரின் நேரம் பின்னுக்குப் போயிருக்கும். இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி கிளையன்ரை இயக்காவிட்டால் பகல் பொதியையும் இரவுப் பொதியையும் பிரித்துப் பார்க்க முடியாது. ரேடியஸில் இன்புட் என்பது பயனர் அனுப்பியது, அதாவது அவரது அப்லோட். எண்ணி 4 ஜிபியைத் தாண்டினால் சுழியத்துக்குத் திரும்பும், ஆகவே எத்தனை தரம் திரும்பியது என்று சொல்லும் கிகாவேர்ட்ஸ் புலத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

வடிகட்டுவதைக் கடைசிக்கு விடுங்கள். ஏ.எல். பிள்ளைகள் பாடம் பார்ப்பதும் யூடியூப்பில்தான், அதை மறித்தால் திட்டுத்தான் மிஞ்சும். ஆபாசத் தளங்களை மட்டும் நிறுத்த, ரவுட்டரின் டிஎன்எஸ்ஸை (தளப் பெயரை முகவரியாக்கும் சேவை) கிளவுட்ஃபிளேரின் வடிகட்டும் 1.1.1.3 ஆக்கி, லானிலிருந்து டிஎன்எஸ் கேள்விகள் வரும் 53ஆம் போர்ட்டை, யூடிபி, டிசிபி இரண்டையும், ரவுட்டருக்கே திருப்புங்கள். மறைகுறி டிஎன்எஸ் போகும் டிசிபி 853ஐ மூடுங்கள். பிரவுசருக்குள் மறைகுறி டிஎன்எஸ் போட்டிருக்கும் பொடியன் இதையும் தாண்டுவான், அதற்கு முழு மருந்து இல்லை.

ரவுட்டர் டிஎன்எஸ் பதில் சொல்லத் தொடங்கியதும், வான் (வெளி இணையம்) பக்கத்திலிருந்து 53க்கு வருவதை ஃபயர்வோலின் இன்புட் செயினில் (ரவுட்டருக்கே வருவதைக் கவனிக்கும் விதிகளில்) கட்டாயம் மறியுங்கள். பொது ஐபி உள்ள இணைப்பில் இதை விட்டால், ஊர் உலகத்துக் கேள்விகளுக்கெல்லாம் உங்கள் ரவுட்டர் பதில் சொல்லி அப்லோட்டைத் தின்று தீர்க்கும்.