காலைக் கீழ வைக்காதீங்கண்ணே!

கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டர்கூட இல்லை. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிச் சாராயக்கடைப் பலகைகள் தலைகாட்டினால் எல்லை வந்தாயிற்று. மஞ்சக்குப்பத்திலிருந்து விடியற்காலை புல்லட்டில் கிளம்பினோம், மச்சானும் நானும். கடலோரச் சவுக்குத் தோப்பில் ஏடிவி, அதாவது மணலிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் நாலு சக்கர வண்டி, ஓட்ட விடுகிறார்கள் என்று அவன்தான் துப்பு சொன்னான். பதினைந்து வருஷமாக பைக் ஓட்டுகிறவனுக்கு நாலு சக்கரம் எம்மாத்திரம் என்ற நினைப்பு எனக்கு.

அங்கே கொடுத்த ஹெல்மெட்டில் நேற்றைய ஆளின் வியர்வை வாடை. கொஞ்சம் லூஸ் வேறு. அடுத்த முறை சொந்த ஹெல்மெட்தான்.

வண்டிக்குப் பொறுப்பான பையன் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான். பந்து மாதிரி உள்ளே போனது. "காத்து இல்லையே தம்பி?" என்றேன். சின்ன கேஜை வைத்துக் காட்டினான்: 5 பிஎஸ்ஐ. என் புல்லட்டின் பின்சக்கரத்துக்கு 30க்கு மேல் அடிக்கிறேன். காற்று குறைந்தால்தான் டயர் அகலமாகப் படுத்து மணலில் புதையாமல் போகுமாம்.

ஆக்ஸிலேட்டரை முறுக்க வேண்டாம், வலது கட்டைவிரலால் தள்ளினால் போதும். நேராகப் போனவரை ராஜா மாதிரி இருந்தேன். இடப்பக்கம் ஒரு வளைவு வந்தது. பைக் என்றால் வண்டியே வளைவுக்குள் சாய்ந்து கொடுக்கும். இது சாயவில்லை. இடப்பக்கச் சக்கரங்கள் மண்ணைவிட்டு எழும்ப, நான் வலப்பக்கம் சரிந்தேன். பைக் பழக்கத்தில் வலது கால் தானாகக் கீழே இறங்கிற்று.

"காலைக் கீழ வைக்காதீங்கண்ணே!"

அதற்குள் பின்சக்கரம் ஷூவின் குதிகாலைக் கவ்விவிட்டது. ஷூ மணலில், கால் என்னோடு. மச்சான் செல்போனை வெளியே எடுத்துவிட்டான், படுபாவி.

பையன் சிரிக்காமல் விளக்கினான். இந்த வண்டியில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்தே சுற்றுகின்றன. காரில் போல உள்சக்கரம் மெதுவாக, வெளிச்சக்கரம் வேகமாகச் சுற்ற வழியில்லை. அதனால் திருப்பினாலும் நேராகவே போகப் பார்க்கும். நாம்தான் இருக்கையில் நகர்ந்து உடம்பை வளைவுக்குள் சாய்க்க வேண்டும். அதே சமயம் வெளிப்பக்கக் காலால் மிதியை அழுத்த வேண்டும். அப்போது உள்சக்கரம் லேசாகி, வழுக்கிக்கொடுத்துத் திரும்பும். கவிழப் பார்த்தாலும் கால் மிதியில்தான் இருக்க வேண்டும்.

நாலு சக்கரத்துக்கே இந்தப் பாடு. இதே ரகத்தில் 1970-ல் ஹோண்டா கொண்டுவந்தது மூன்று சக்கர வண்டி. அவை கவிழ்ந்து கவிழ்ந்தே 1988-ல் அமெரிக்காவில் விற்பனை நின்றது. ஷூவைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அதில் துளியும் ஆச்சரியமில்லை.

இரண்டாவது சுற்றில் மிதியைவிட்டுக் கால் அசையவில்லை. மூன்றாவதில் பின்பக்கம் மணலை வாரி வீசிக்கொண்டு திரும்பியது. அந்த ஒரு வளைவுக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது. அலையோரம் ஒரு சுற்று போகலாமா என்று கேட்டதற்குப் பையன் முடியாதென்று தலையாட்டிவிட்டான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆமை முட்டையிடும் கரை, வண்டி தோப்பைத் தாண்டாது என்றான். அதுவும் சரிதான்.

திரும்பும்போது வலது கட்டைவிரல் விண்விண்ணென்று வலித்தது. பாகூர் பக்கம் ஒரு திருப்பத்தில் பின்னாலிருந்து மச்சான் தோளைத் தட்டினான்.

"மாமா, இது புல்லட்டு. எதுக்கு சீட்டுல இப்படி நெளியறீங்க?"