நிரூபிக்கப்படாதது பொய்யாகுமா?

இலங்கையின் ஹட்டனுக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்து லயக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில், தாத்தாவின் தகரப் பெட்டி இன்றும் இருக்கிறது. சம்பளத் துண்டுகளும் பழைய கடிதங்களும் நிறைந்த அந்தப் பெட்டியில், அவருடைய தகப்பனார் இலங்கையில் பிறந்தார் என்பதற்கான பத்திரம் மட்டும் இல்லை. சட்டத்தைக் கணினி விதிகளாக எழுதுவதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டிதான் என் நினைவுக்கு வருகிறது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மரெக் செர்கொட், ரொபர்ட் கோவல்ஸ்கி உள்ளிட்ட குழுவினர் 1981 ஆம் ஆண்டின் பிரித்தானியப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் புரொலொக் என்ற கணினி மொழியில் தர்க்க விதிகளாக எழுதி, 1986 இல் அது குறித்த கட்டுரையை வெளியிட்டனர். ஒருவர் பிரஜையா என்று கேட்டால், விடையையும் அது எந்தெந்த விதிகளால் பெறப்பட்டது என்பதையும் கணினி காட்டும்.

இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான எங்களைப் பிரஜாவுரிமைக்கு வெளியே நிறுத்திய, இலங்கையின் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தையும் அவ்வாறு எழுதுவது இலகு. அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையில் பிறந்த ஒருவரின் தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் சேர்ந்தோ இங்கு பிறந்திருந்தால் அவர் வம்சாவழிப் பிரஜையாவார். இரண்டு விதிகளில் இது முடிந்துவிடும். ஆனால் புரொலொக்கில், நிரூபிக்க முடியாத கூற்று பொய்யென்றே கொள்ளப்படும். எல்லாத் தகவல்களும் பதிவாகியிருக்கும் இடத்தில் அது நியாயமான ஏற்பாடுதான். பிறப்புகள் ஒழுங்காகப் பதியப்படாத தோட்டங்களிலோ, "பத்திரம் இல்லை" என்பது "இங்கே பிறக்கவில்லை" என்று வாசிக்கப்பட்டது. கணினி எதுவுமின்றி, அலுவலக மேசைகளிலேயே அந்தத் தர்க்கம் இயங்கியது.

அதே சட்டத்தின் 7 ஆம் பிரிவை முதன்முறை படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. பெற்றோர் யாரென்று அறியமுடியாமல் கைவிடப்பட்டுக் கண்டெடுக்கப்படும் சிசு, மறுதலை நிரூபிக்கப்படும் வரை பிரஜையாகவே கருதப்படும் என்று அது கூறுகிறது. அந்தச் சிசுவுக்குக் காட்டப்பட்ட கருணை சரியானது. தாய் தந்தையரை ஊரே அறிந்த லயத்துப் பிள்ளைக்கு அது ஏன் மறுக்கப்பட்டது என்பதே என் கேள்வி.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், எங்கள் பிரஜாவுரிமை குறித்து இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும், இங்கு வாழும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. பூட்டன் பிறந்த இடத்தைத் தேடிய கேள்வி, வாழ்ந்த இடத்தைப் பற்றிய கேள்வியாக மாறியது.

சட்டத் தீர்மானங்களுக்கு உதவும் எந்தக் கணினி முறைமையிலும் "ஆம்", "இல்லை" என்பவற்றோடு "தெரியவில்லை" என்ற மூன்றாவது விடையும், அதைத் தீர்க்கவல்ல சான்று எது, அதைக் கொண்டுவரும் பொறுப்பு யாருடையது என்ற குறிப்பும் இருந்தாக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தை அவ்விதம் எழுதி, தாத்தாவின் விபரங்களைக் கொடுத்துப் பார்த்தேன். "தெரியவில்லை: தந்தையின் பிறப்பிடம்" என்று திரையில் வந்தது.