ஆய்வேடு எழுதியதைவிட இரண்டு பக்கம் எழுதியதுதான் கஷ்டம்

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்து பைண்டிங் காப்பியைக் கொடுத்த கையோடு ஆய்வேட்டை மறந்துவிட்டேன். நாலு மாதம் கழித்து, ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர், அதாவது என் கைடு, போன் செய்தார். "முதுகலை ஆய்வேட்டுக்கு விருது அறிவிச்சிருக்காங்கம்மா. துறைக்கு ஒண்ணுதான் அனுப்பலாம். உன்னோடதை அனுப்பறேன்." கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருந்தது. அறிவிப்பு எப்போதோ வந்து யார் மேஜையிலோ தூங்கியிருக்கிறது.

என் ஆய்வு, ஏற்காட்டில் அரபிகா காபியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் பற்றியது. இந்த வண்டு பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு தண்டைக் குடைந்துவிட்டால் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். நிழல் குறைந்தால் தாக்குதல் கூடும் என்பது பழைய சேதி. ஒரே தோட்டத்துக்குள் சில்வர் ஓக் மர நிழல் எங்கெங்கே விட்டுப் போயிருக்கிறது, அடிபட்ட செடிகள் அங்கேதானா என்று பார்த்தேன். அதற்காக இருபது கொண்டை ஊசி வளைவையும் எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்று கணக்கில்லை.

சான்றிதழ், கையெழுத்து, சீல் எல்லாம் நாலு நாளில் முடிந்தது. பிறர் எழுத்தைக் காப்பியடித்திருக்கிறோமா என்று பார்க்கும் திருட்டுச் சோதனை அறிக்கைதான் ஒரு முறை திரும்பி வந்தது. செய்முறைப் பகுதியில் எல்லாரும் எழுதும் வாக்கியங்களையே நானும் எழுதியிருந்தேன்.

பரிந்துரைக் கடிதத்துக்கு கைடு, "நீயே ஒரு டிராஃப்ட் போட்டுக் கொண்டு வா" என்றார். நம்மூரில் இதுதான் வழக்கம். 'கடின உழைப்பாளி' என்று என்னைப் பற்றி நானே தட்டும்போது வீட்டில் யாரும் எட்டிப் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். கடைசியில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மழையில் நனைந்துபோன ஒரு மாத அளவுகளைத் திரும்ப எடுத்ததை எழுதினேன். அவர் மாற்றாமல் விட்ட பத்தி அது ஒன்றுதான்.

மாட்டிக்கொண்டது வேறு துறைக்காரருக்கும் புரிகிற மாதிரி இரண்டு பக்கச் சுருக்கம் கேட்டதில். மூன்று முறை எழுதியும் ஆய்வேட்டின் முன்னுரையாகவே வந்தது. அப்பாவுக்கு சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை. படித்துக் காட்டினேன். கொலுசைப் பற்ற வைத்துக்கொண்டே கேட்டவர், "ஏங்கண்ணு, வெயில் விழற எடத்துல பூச்சி முட்டை போடுது. நீ வெயில் எங்க விழுதுன்னு அளந்த. அவ்ளோதான?" என்றார். அதையே முதல் வரியாக வைத்தேன்.

இறுதிச் சுற்று ஆன்லைனில். பத்து நிமிடம் பேசி முடித்ததும் நடுவர் ஒருவர் கேட்டார்: "இதில் கைடு சொன்னது எது, நீங்களாகச் செய்தது எது?" வைவாவில்கூட யாரும் கேட்காத கேள்வி. திட்டம் அவருடையது என்றேன். காலையில் எடுத்த நிழல் அளவில் ஒன்றும் தெரியாமல் போக, உச்சி வெயில் நேரத்துக்கு மாற்றியது நான்.

"ஏன் மாற்றினீர்கள்?"

தோட்டத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், "வெயிலு ஏறுனாத்தான் இந்த வண்டு வெளிய வரும், நீ காலைல வந்து என்னத்த அளக்கற?" என்று கேட்டதால்தான். அதைச் சொன்னேன்.

"ஆய்வேட்டில் அது இருக்கிறதா?"

இல்லை. நன்றியுரையில் 'தோட்டத் தொழிலாளர்கள்' என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தேன். அந்தப் பெரிய மௌனத்தில் பட்டறைச் சத்தம் மட்டும் மைக்கில் கேட்டது. விருது போச்சு என்றுதான் நினைத்தேன்.

கிடைத்தது. இப்போது எழுதும் கட்டுரையில் செய்முறைப் பகுதியிலேயே அந்த அக்கா சொன்னதைச் சேர்த்திருக்கிறேன். பெயர் போடலாமா என்று அவரிடமே கேட்டாயிற்று. சான்றிதழ் கூரியரில் வந்தது. ஆங்கிலத் தலைப்பில் தண்டுத்துளைப்பானைக் குறிக்கும் 'ஸ்டெம் போரர்' என்பதை 'ஸ்டெம் பார்டர்' என்று அடித்திருந்தார்கள். திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.