பாஸ்டனில் இன்னும் பறந்துகொண்டிருக்கிறார் பாபி ஓர்

நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு நாலரை மணி நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. 7 மணி நேரம் ஆனது. ஜனவரிக் குளிரில் பஸ்ஸின் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஓட்டுநரிடம் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விறைத்த கால்களோடு இறங்கியவுடன் டாக்ஸி பிடித்தேன். சவுத் ஸ்டேஷனிலிருந்து நார்த் ஸ்டேஷன் ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான். டாக்ஸிக்காரர் எங்கெங்கோ சுற்றிவிட்டு 35 டாலர் வாங்கிக்கொண்டார். பகல் கொள்ளை! என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு அது. சுரங்க ரயிலில் ஏறி டவுன்டவுன் கிராசிங்கில் மாறுங்கள். 3 டாலருக்குள் முடியும்.

ஆனால் நார்த் ஸ்டேஷனை ஒட்டிய டிடி கார்டன் அரங்கத்துக்கு வெளியே அந்த வெண்கலச் சிலையைக் கண்டதும் கோபம் போன இடம் தெரியவில்லை. கால் தரையில் பாவாமல், கைகளை விரித்து, வாய் திறந்து கத்தியபடி கிடைமட்டமாகப் பறக்கிறார் ஐஸ் ஹாக்கி வீரர் பாபி ஓர். முதுகில் விரற்கடை அளவு பனி.

1970 மே 10. இங்கே பக்கத்தில் இருந்து, பிறகு இடிக்கப்பட்ட பழைய பாஸ்டன் கார்டனில் இறுதிப் போட்டி. கூடுதல் நேரம் தொடங்கி 40ஆவது நொடி. சக வீரர் டெரெக் சாண்டர்சன் தள்ளிய பக்கை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) பாபி ஓர் கோலுக்குள் அடித்த கையோடு, எதிரணியான செயின்ட் லூயிஸின் வீரர் நோயல் பிக்கார்ட் அவர் காலை வாரிவிட்டார். பறந்தது அப்போதுதான். 29 ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய அணியான பாஸ்டன் புரூயின்ஸுக்கு ஸ்டான்லி கோப்பை, அதாவது வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் சாம்பியன் கோப்பை.

இத்தனைக்கும் அவர் தடுப்பாட்டக்காரர். பின்னால் நின்று காவல் காப்பதே அந்த இடத்தின் வேலை என்றிருந்த காலத்தில், தன் கோலருகே பக்கை எடுத்து எதிராளியின் கோல் வரை தானே கொண்டுபோனார். பருவத்தில் அதிகப் புள்ளிகள் எடுப்பவருக்கான ஆர்ட் ராஸ் கோப்பையை இரண்டு முறை வென்றார். வேறெந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் அது ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பை தொடர்ந்து 8 ஆண்டுகள். என்னைக் கேட்டால், ஐஸ் ஹாக்கியில் அவருக்கு மேல் ஒருவர் இல்லை.

உள்ளே, கூரையிலிருந்து தொங்கும் அவருடைய சட்டை எண்ணான 4 பொறித்த கொடியைப் பார்க்க ஆசைதான். அன்றைய ஆட்டத்துக்கு ஆகக் குறைந்த டிக்கெட்டே 100 டாலருக்கு மேல். மனசு வரவில்லை. குவின்சி மார்க்கெட்டுக்கு நடந்துபோய், குடைந்த ரொட்டிக்குள் ஊற்றித் தரும் கிளாம் சவுடர் வாங்கினேன். மட்டிச் சதை, உருளைக்கிழங்கு, பாலேடு, மேலே மிளகுத்தூள். ஆவி கண்ணாடியில் படிந்து ஒன்றும் தெரியாமல் போக, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். சூப் ஊறிய ரொட்டியைப் பிய்த்துத் தின்றபோது காலையில் பட்ட பாடெல்லாம் மறந்துபோனது. பாஸ்டன் போனால் இதைத் தவறவிடாதீர்கள்.

இரவு பஸ்ஸுக்கு முன் மறுபடி சிலையிடம் போனேன். இந்த முறை இடது முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பறந்தபோது அவருக்கு வயது 22. அதற்குள்ளேயே அந்த முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. பிறகும் பல முறை. கடைசியில் சிகாகோ அணிக்குப் போய் 26 ஆட்டங்களே ஆட முடிந்தது. 1978இல், 30 வயதில், ஓய்வு பெற்றுவிட்டார். பஸ் புறப்பட 20 நிமிடம் இருக்கும்வரை அங்கேயே நின்றேன்.