மாடித் தொட்டியில் வள்ளைக்கொடி

ஆடிக் கடைசியில் பாபநாசம் பக்கத்து வாய்க்கால் ஒன்றிலிருந்து நீரில் படரும் கீரையான வள்ளைக்கொடியில் ஐந்து துண்டுகள் வெட்டி வந்தேன். விதைப் பொட்டலங்களில் கிடைக்கும் கீரை வகை பெரும்பாலும் ஒடுங்கிய இலையும் வெள்ளைப் பூவுமாக வரும். எனக்கு வேண்டியது செம்மை ஓடிய தண்டும் வெளிர் ஊதாப் பூவும் கொண்ட குளத்து வள்ளை. அதற்கு முன் உறவினர் ஒருவர் கொடுத்தனுப்பியது வள்ளையே இல்லை, நெய்வேலிக் காட்டாமணக்கு! பூச்சாயல் ஏமாற்றிவிட்டது. அது கொடியுமல்ல, நம் மண்ணின் செடியுமல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் ஏரிகளை அடைத்துக்கொண்ட புதர்.

சிமென்ட் தொட்டியில் பாதிக்கு வண்டல் மண், அதன்மேல் நான்கு விரல் தண்ணீர், கொசுப்புழுவைத் தின்ன ஆறு கப்பி மீன்கள். துண்டுகளைச் சாய்த்துச் செருகிய நான்காம் நாளே கணுக்களில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வெறும் குழல். அந்தக் காற்றுதான் கொடியை நீர்மேல் மிதக்கவிடுகிறது. சங்கப் புலவர்கள் வள்ளையைத் ‘தூம்பு’, அதாவது உள்துளை, உடையது என்று பாடியது எவ்வளவு பொருத்தம்!

ஆவணியிலும் புரட்டாசியிலும் இலையோ இலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொழுவுரம் போட்டேன். பொரியலுக்குக் குறைவில்லை, மொட்டு மட்டும் ஒன்றுகூட இல்லை. பகல் குறுகும் மாதங்களில் நன்றாகப் பூக்கும் இனம் இது என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணாந்து பார்த்தால், தொட்டிக்கு நேர்மேலே இரவு முழுக்க எரியும் மாடிப்படி விளக்கு. ஐப்பசியில் விளக்கை அணைத்தேன், உரத்தையும் நிறுத்தினேன். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தது என் அவசரம். பலன் எதனால் வந்தது என்று இனிப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

கார்த்திகையில் ஆமை ஓடு போன்ற முதுகுள்ள வண்டுகள் வந்து இலைகளைச் சல்லடையாக்கின. காலையில் கையாலேயே பொறுக்கி எடுத்தேன்.

மார்கழி மூன்றாம் தேதி முதல் பூ. முந்தின மாலை மடக்கிய குடைபோல முறுக்கிக் கிடந்த மொட்டு, காலை ஏழு மணிக்குப் புனலாக விரிந்திருந்தது. விளிம்பு வெளிர் ஊதா, தொண்டையில் அடர் ஊதா, நடுவிலிருந்து ஐந்து மடிப்புக் கோடுகள். மதியத்துக்குள் சுருண்டுவிட்டது. மறுநாள் மூன்று பூக்கள்.

அம்மாவுக்கு மட்டும் வருத்தம்: “தண்டு முத்திப் போகுதே, நுனியைக் கிள்ளட்டுமா?” இலைக்கக்கத்தில் மொட்டு இருக்கிறது என்று கெஞ்சினேன். இப்போது தொட்டியின் கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி அம்மாவின் பொரியலுக்கு.