பழைய மடிக்கணினியில் பச்சைக் கம்பிகள்

சிங்கப்பூரில் ஈசூன் வீட்டை ஒழுங்குபடுத்தும்போது பழைய மடிக்கணினி அகப்பட்டது. திறந்தால் மெட்டாடிரேடர் 4, இணையத்தில் நாணயம் வாங்கி விற்கும் மென்பொருள். கறுப்புத் திரை, சாம்பல் கட்டம், விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் பச்சைக் கம்பிகள். அப்படியே இருக்கிறது!

இதை 2005இல் மெட்டாகுவோட்ஸ் நிறுவனம் வெளியிட்டது. நமக்கு இலவசம், உரிமக் கட்டணம் தரகு நிறுவனத்தின் தலையில். அதற்கு முன்பு எனக்குத் தெரிந்த நாணய வியாபாரம் தேக்கா பக்கத்து நாணய மாற்றுக் கடைதான்.

பைத்தியம் பிடிக்க வைத்தது அதிலிருந்த எம்கியூஎல்4 என்ற நிரல்மொழி. நாம் தூங்க, நாம் எழுதிய ‘ரோபோ’ நிரல் தானாக வாங்கி விற்கும். நானும் ஒன்று எழுதினேன். (மச்சான் அதற்கு ‘முனியாண்டி’ என்று பெயர் வைத்தார்.) 2010இல் மெட்டாடிரேடர் 5 வந்தும் நான் மாறவில்லை, முனியாண்டி அதில் ஓடமாட்டான்.

2015 ஜனவரி 15, இங்கே மாலை 5.30. யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே இறங்காமல் கட்டிக்காத்த வரம்பை சுவிஸ் மத்திய வங்கி திடீரென விட்டுவிட்டது, பிராங்க் எகிறியது. உணவங்காடியில் தே தாரே வாங்கிக்கொண்டிருந்தேன். வீடு திரும்பிப் பார்த்தால் கணக்கில் 11 வெள்ளி.

முனியாண்டி மட்டும் அசராமல் அடுத்த ஆர்டருக்கு முயன்றுகொண்டிருந்தான்.