486 போர்டுக்கு கேஷ் சிப் வாங்கி முடிக்கிறதுக்குள்ள

ஒருவழியா என் பழைய 486 கம்ப்யூட்டர்ல 256 கேபி கேஷ் (ப்ராசசருக்கும் ரேமுக்கும் நடுவுல இருக்கிற வேகமான சின்ன மெமரி) வேலை செய்யுது. குன்னூர்ல உக்காந்துக்கிட்டு இந்த ஒம்போது சிப்ப சேக்குறதுக்குள்ள பட்ட பாட்ட எழுதி வைக்கலன்னா அடுத்து தேடுறவங்களும் இதே கடைங்க கிட்டதான் போய் காச விடுவாங்க, அதான் எழுதுறேன்.

மதர்போர்டு ஒரு எஸ்டேட் ஆபீஸ் கழிச்ச சாமான்ல கெடைச்சது. ப்ராசசர் டிஎக்ஸ்2-66. பேட்டரி கசிவு லேசாதான் இருந்துச்சு, அத எடுத்துட்டு வினிகர் வெச்சு தொடைச்சதும் உயிர் வந்துருச்சு. ஆனா கேஷ் சாக்கெட் ஒம்போதும் காலி, யாரோ முன்னாடியே உருவிட்டாங்க. கேஷ் இல்லாமலும் மெஷின் ஓடும்தான், ஆனா டிஎக்ஸ்2 உள்ளாற இருக்கிற கேஷ் வெறும் 8 கேபி, அத தாண்டினா ஒவ்வொண்ணுக்கும் மெதுவான சிம் ரேம் (மெயின் மெமரி) கிட்ட போய் நிக்கணும். அந்த வேகத்துல ஓட்டுறதுக்கு 486 எதுக்கு?

முதல்ல கோயமுத்தூர். காந்திபுரம் பக்கம் ஒரு கடைக்கு போன் பண்ணி, 32கே பை 8 எஸ்ரேம் (கேஷுக்கு போடுற 32 கேபி மெமரி சிப்), 28 கால், ஒல்லி டிப் (ரெண்டு பக்கமும் வரிசையா கால் இருக்கிற சிப்), அதாவது 300 மில் அகலம் (ஆயிரம் மில் ஒரு இஞ்ச்), 15 நானோசெகண்ட், 20ஆ இருந்தாலும் பரவால்லன்னு ஒவ்வொண்ணா சொல்லி, எழுதிக்கங்கன்னும் சொன்னேன். "இருக்குங்க சார், வாங்க"ன்னாங்க. லீவு போட்டு பர்லியார் வழியா பஸ்ல இறங்கி போனா எடுத்து நீட்டினது 62256. அது 600 மில், ரெண்டு மடங்கு அகலம், சாக்கெட்லயே உக்காராது. வேகம் 70 நானோசெகண்ட். போர்டோட பஸ், அதாவது ப்ராசசரும் மெமரியும் பேசிக்கிற பாதை, 33 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது, ஒரு க்ளாக்கே 30 நானோசெகண்ட்தான், 70 நானோசெகண்ட் சிப் அங்க என்ன பண்ணும்? கவுண்டர்ல இருந்தவர் "256னா 256தான் சார், காலை வளைச்சு போட்டுக்கங்க"ங்கிறார். 62256 மைக்ரோகண்ட்ரோலர் ப்ராஜெக்ட்டுக்கு நல்ல சிப்தான், நான் குறை சொல்லல, ஆனா போன்ல அவ்ளோ தெளிவா சொன்ன ஆள மலையில இருந்து இறங்க வெச்சு இப்படி பேசுறது நியாயமே இல்ல.

அடுத்து சென்னை, ரிச்சி ஸ்ட்ரீட். மச்சினன்கிட்ட சொல்லி விட்டேன், அவனும் வெயில்ல அலைஞ்சு வாங்கி அனுப்பினான். மேல 61256-15ன்னு, நான் தேடின 15 நானோசெகண்ட் சிப்போட நம்பரே, பளிச்சுன்னு வெள்ளையா பிரிண்ட். அந்த பளிச்சு எனக்கு பிடிக்கல, முப்பது வருஷ சிப் இவ்ளோ புதுசா இருக்காது. பஞ்சுல நெயில் பாலிஷ் ரிமூவர் (அசிட்டோன்) தொட்டு தேச்சேன், கறுப்பு பஞ்சுல வந்துருச்சு, அடியில சொரண்டின கோடு கோடா. பழைய எழுத்த ராவிட்டு மேல கறுப்பு பூசி புது நம்பர் அடிச்சிருக்காங்க. போட்டுப் பாத்தா கேஷ ஆன் பண்ணின உடனே பூட்லயே நிக்குது. கடையில ரிட்டர்ன் கெடையாதுன்னுட்டாங்க. அதனால எங்க வாங்கினாலும் காசு குடுக்குறதுக்கு முன்னாடி அசிட்டோன் வெச்சு ஒரு தேய் தேய்ங்க, வேண்டாம்னு தடுக்கிற கடையில வாங்காதீங்க.

சரின்னு வெளிநாட்டுல ஆர்டர் போட்டேன். அலிஎக்ஸ்பிரஸ 2020 நவம்பர்லயே இங்க தடை பண்ணியாச்சு, அதனால ஈபேல ஒரு ஐரோப்பா விற்பனையாளர், விண்பாண்ட் கம்பெனியோட 24257, அதே வகை சிப்தான், போர்டுல இருந்து கழட்டினது, டெஸ்ட் பண்ணினது. அவர் அருமையா பேக் பண்ணி அனுப்பிட்டார். சோதனையெல்லாம் நம்ம ஊர் கொரியர்ல. கேஒய்சிக்கு ஆதார் ஏத்தினா பேர் பொருந்தலைன்னு தள்ளிட்டாங்க, ஏன்னா பார்சல்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி. தமிழ்நாட்டுல பாதி பேருக்கு இப்படித்தானே இருக்கு! அப்புறம் பில்ல கேட்டாங்க, பில்லு குடுத்தா காசு கட்டின ஆதாரம் கேட்டாங்க, ஒரே மெயில்ல எல்லாத்தையும் கேட்டுத் தொலைச்சா என்ன? ஆர்டர் போடும்போதே ஆதார்ல இருக்கிற மாதிரியே எழுத்து மாறாம பேர போடுங்க, பேங்க் மெசேஜ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க.

அது முடிஞ்சா அடைமழை, மேட்டுப்பாளையம் ரோட்டுல மண் சரிவு, அதுக்கு யாரையும் திட்ட முடியாது. ஆனா ரோடு தொறந்தப்புறம் நாங்க எல்லாரும் வீட்லயே இருக்கும்போது "டோர் லாக்டு"ன்னு மெசேஜ் வந்துச்சு பாருங்க, அங்கதான் கொதிச்சுது. நேரா அவங்க ஆபீசுக்கே போனேன். உள்ள இருந்தவர் மொபைல்ல இருந்து கண்ண எடுக்காம "சிஸ்டத்துல ரிட்டர்ன் காட்டுதுங்க, கிளம்பிருச்சு"ன்னார். அவருக்கு பின்னாடி ரேக்ல மஞ்ச கவர், வெளிநாட்டு ஸ்டாம்ப்போட, என் பேர் இங்கிருந்தே தெரியுது. ட்ராக்கிங் நம்பர காட்டி, அத எடுத்து பாருங்கன்னு சொல்லி, கையில வாங்காம நகரல.

எட்டு சிப் அருமை. ஒம்போதாவது செத்துருச்சு, எந்த சாக்கெட்டுக்கு மாத்தினாலும் அது இருக்கிற எடத்துல தொல்லை. வேற சிப் கெடைக்கிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம்னு முதல் பேங்க்ல (நாலு சாக்கெட் சேர்ந்த வரிசை) நாலு சிப், டேக்ல (கேஷ்ல இருக்கிறது ரேமோட எந்த எடத்து டேட்டான்னு குறிச்சு வெக்கிற சிப்போட சாக்கெட்) ஒண்ணு போட்டு, ஜம்பர (கேஷ் அளவ போர்டுக்கு சொல்ற சின்ன க்ளிப்) மாத்தி 128 கேபில ஓட்டினேன். 486க்கு 32 பிட் பஸ், ஒரு சிப் 8 பிட், அதனால நாலு நாலாத்தான் போட முடியும். சாக்கெட்ல 32 ஓட்டை இருந்தா 28 கால் சிப்ப கீழ்ப்பக்கமா ஒதுக்கி உக்கார வைங்க, சிப்போட முதல் கால் மூணாவது ஓட்டையில வரணும். திருப்பி போட்டா சூடாகியே செத்துரும்.

கடைசி சிப் கெடைச்சது உக்கடம் காயலாங்கடையில. மூட்டையா பழைய போர்டு, "எடுத்துக்குங்க தம்பி, பாத்து போட்டுக் குடுங்க"ன்னார் பாய். முதல்ல கையில வந்த 486 போர்டுல சாக்கெட்டே இல்லாம சால்டர் பண்ணின கேஷ், மேல "ரைட் பேக்"னு மட்டும் எழுதியிருக்கு. அத தொடாதீங்க. 90கள்ல வெறும் பிளாஸ்டிக்க கேஷ்னு ஒட்டி, பயாஸையும் (ஆன் பண்ணின உடனே போர்டுல ஓடுற ப்ரோக்ராம்) பொய் சொல்ல வெச்சு வித்தாங்க. மல்டிமீட்டர டயோடுல வெச்சு 14வது காலுக்கும் 28வது காலுக்கும், அதாவது கரண்ட் போற ரெண்டு காலுக்கும், நடுவுல ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி பாத்தேன், ஒண்ணுமே காட்டல, உள்ள சிலிக்கானே இல்ல. அதுக்கு கீழ ஒரு 386 போர்டு, சாக்கெட்ல வரிசையா நெசமான 61256, எல்லாம் 15. கால் எல்லாம் கறுத்துப் போயிருந்துச்சு, ரப்பரும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் போட்டு தேச்சதும் சரியாயிருச்சு. மலையில ஈரத்துக்கு சாக்கெட்டையும் ஒரு தடவ காண்டாக்ட் க்ளீனர் அடிச்சிருங்க.

பாய் கேட்டது டீ, வடை காசுதான். நான் ரெண்டு மடங்கு குடுத்தேன்.

இப்ப கேஷ்செக்ல (மெமரி வேகத்த அளக்குற ப்ரோக்ராம்) படி படியா தெரியுது, 8 கேபி வரைக்கும் ஒரு வேகம், 256 வரைக்கும் ஒண்ணு, அதுக்கு மேல ரேம். உங்களுக்கு அந்த நடுப்படி தெரியலைன்னா பயாஸ் என்ன சொன்னாலும் நம்பாதீங்க. இன்னொண்ணு, 8 பிட் டேக்கோட 256 கேபி போட்டா ரைட் த்ரூல (எழுதுறத உடனே ரேமுக்கும் அனுப்புற முறை) ரேம்ல 64 எம்பி வரைக்கும்தான் கேஷ் ஆகும், ஒரு பிட் டர்ட்டிக்கு (இன்னும் ரேமுக்கு போகலங்கிற குறி) போற போர்டுல ரைட் பேக் (கேஷ்ல வெச்சிருந்து அப்புறமா ரேமுக்கு அனுப்புற முறை) வெச்சா 32 எம்பிதான். ரேம் அதுக்கு மேல போட்டு மெஷின் மெதுவாயிருச்சேன்னு சிப்ப குறை சொல்லாதீங்க. டேக்ல மட்டும் கையில இருக்கிறதுலயே வேகமான சிப்ப போடுங்க, டேட்டாவுக்கு 20 நானோசெகண்ட் போதும்.